முப்பத்தொன்றாம் பக்கம்

முகவரியைக் கேட்டதுமே டாக்டருக்கு வேலை பாதி முடிந்துவிட்டது போலிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவரே சோதித்த வீடு. பழைய அறிக்கையின் நகல் அலுவலக அலமாரியில் இருக்கிறது. தூசி தட்டி எடுத்தால் போதும்.

அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போய் ஒரு பகல் முழுக்க அந்த வீட்டைப் பார்ப்பார், தட்டுவார், அளப்பார். பிறகு முப்பது நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதித் தருவார். சுவரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் தட்டுகிற அழகைப் பார்த்து யாரோ 'வீட்டு டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். போகப் போக 'வீட்டு' உதிர்ந்துபோய் டாக்டர் மட்டும் நின்றது.

இந்த முறை வாங்கப் போகிறவள் ஒரு நர்ஸ். விற்கிறவர்கள் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும். மூன்று வருடத்துக்கு முன் இவர்கள் வாங்கியபோதுதான் டாக்டர் இந்த வீட்டைச் சோதித்தார். நர்ஸிடம் இதை மறைக்கக் கூடாது என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்.

"தெரியும் சார். அவங்கதான் உங்க நம்பரையே குடுத்தாங்க. 'எங்க டாக்டரையே கூப்பிடும்மா, மனுஷன் பொய் சொல்ல மாட்டார்'னாங்க."

டாக்டருக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

காலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டபடி தையல்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க டாக்டர் சார். உங்க பிள்ளை நல்லா இருக்கா பாருங்க" என்று வீட்டைக் காட்டினார். உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில் பிளாஸ்டிக் உறை போட்டு விறைப்பாக ஆக்கிய ஒரு தாள் தொங்கியது. டாக்டருடைய அறிக்கையின் முதல் பக்கம். 'மொத்தத்தில் வீடு நல்ல நிலையில் உள்ளது' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து.

"இதை ஏன் மாட்டி வச்சிருக்கீங்க?"

"பின்னே? பாஸ் பண்ணின சர்ட்டிஃபிகேட்டை யாராவது பெட்டியில வைப்பாங்களா?"

நர்ஸ் அதற்குள் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்திருந்தாள். "எங்க வீட்டுக்காரர் வரலை சார். அவர் வந்தா எல்லாமே நல்லா இருக்குன்னுதான் சொல்வார். என்னையும் அப்படிப் பாத்துதான் கட்டிக்கிட்டார்" என்றாள். கூடத்தின் நடுவில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மனைவி மிதியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைத்தெருவில் மேலே வீடும் கீழே கடையுமாக ஓர் இடம் பேசி முடித்திருந்தார்கள். பதினைந்து வருடக் கனவு. இந்த வீடு கைமாறினால் மறுநாளே அது இவர்களுடையது.

டாக்டர் வழக்கம்போல மேலிருந்து தொடங்கினார். வீடு என்பது எடை கீழே இறங்குகிற பாதை என்று அவர் சொல்வார். கூரையின் எடை மாடிச் சுவருக்கு வரும், மாடிச் சுவரின் எடை கீழ்ச் சுவருக்கு, அங்கிருந்து அஸ்திவாரத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. தண்ணீர் போலத்தான். பாதை ஒழுங்காக இருந்தால் வீடு தூங்கும். எங்காவது பாதை அறுந்திருந்தால் எடை வேறு வழி தேடும். தேடும்போது தடயம் விடும். அந்தத் தடயத்தைப் படிப்பதுதான் அவருடைய வேலை.

முதல் தடயம் மாடி அறையின் கதவில் இருந்தது. திறக்கும்போது முனகியது.

"மழைக்கு மரம் உப்பிடுது சார். ரெண்டு தடவை இழைச்சாச்சு" என்றார் தையல்காரர்.

டாக்டர் கதவின் விளிம்பில் விரலை ஓட்டினார். மரம் உப்பினால் கதவு நீளத்துக்கும் உரசும், தேய்மானமும் நீளமாக இருக்கும். இங்கே மேல் மூலையில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஒரே மூலை உரசினால் குற்றம் கதவின் மேல் இல்லை. கதவைச் சுற்றியிருக்கிற சட்டம் கோணிவிட்டது என்று அர்த்தம். சட்டம் தானாகக் கோணாது. அதைப் பிடித்திருக்கிற சுவர் இறங்கினால்தான் கோணும்.

அந்த அறை முழுக்கத் துணிச் சுருள்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு விறகு அடுக்கியது போல அடுக்கியிருந்தது. துணி என்றால் லேசு என்று நினைப்போம். ஒரு சுருளைத் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அந்த அறையில் ஒரு லாரிச் சுமை இருந்தது.

"வியாபாரம் நல்லா போகுது போல" என்றார் டாக்டர்.

"உங்க வாய் முகூர்த்தம். இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் சார் கை நிமிர்ந்துது."

டாக்டர் கீழே இறங்கினார். அந்தத் துணி அறைக்கு நேர் கீழேதான் கூடம். ஒரு காலத்தில் அது இரண்டு அறைகள். முன்பு இருந்த சொந்தக்காரர் நடுச்சுவரை இடித்துவிட்டு ஒரே கூடமாக்கியிருந்தார். சுவர் தாங்கிய எடையைத் தாங்க வேண்டும் என்று அந்த இடத்தில் குறுக்கே ஓர் உத்தரம் கொடுத்திருந்தார். வழவழவென்று பூசி வெள்ளையடித்த கம்பீரமான உத்தரம். அதன் அடியில்தான் வெளிச்சம் நன்றாக வரும் என்று தையல்காரரின் மனைவி மெஷினைப் போட்டிருந்தாள்.

உத்தரத்தைப் பார்த்ததும் டாக்டருக்கு அந்தப் பழைய நாள் முழுசாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் பார்த்த மூன்றாவது வீடு இது. சுத்தியலால் உத்தரத்தைத் தட்டினார். 'ணங்' என்று கேட்க வேண்டியது 'டொப்' என்று கேட்டது. அதுவே குற்றம் ஆகிவிடாது. உள்ளே நல்ல இரும்பு இருந்து, சுற்றிப் பலகை அடித்துப் பூசியிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, விரல் பருமனுக்கு ஒரு துளை. ஆனால் அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பார்க்கலாம், தட்டலாம், அளக்கலாம். துளைக்க வேண்டுமானால் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அன்றைய சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. "இப்பத்தான் சார் பெயின்ட் அடிச்சேன்" என்று கையைக் குறுக்கே வைத்தார். டாக்டர் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். அறிக்கை எழுதும்போது அந்தக் கேள்விக்குறி ஒரு வாக்கியமாக மாறியது: 'கூடத்து உத்தரம் மூடப்பட்டிருந்ததால் ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை.' முப்பத்தொன்றாம் பக்கம். ஒரு வரி. அதைத் தாண்டி அவர் ஒரு நிமிஷம்கூட யோசித்ததாக ஞாபகமில்லை. தொழிலில் எல்லோரும் எழுதுகிற வாக்கியம்தான்.

"ஒரு கை குடுங்க" என்று தையல்காரரைக் கூப்பிட்டார்.

பையிலிருந்து கண்ணாடி போன்ற ரப்பர் குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். லேசர் கருவியும் அவரிடம் உண்டு. ஆனால் இந்தக் குழாய் மேல் அவருக்கு ஒரு பிரியம். குழாயை எப்படி வளைத்தாலும், எவ்வளவு தூரம் இழுத்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதற்கு பாட்டரி வேண்டாம். பொய் சொல்லவும் தெரியாது. ஒரு முனையை டாக்டர் பிடித்துக்கொண்டார். மறு முனையோடு தையல்காரர் ஏணியில் ஏறினார். தண்ணீர் மட்டத்திலிருந்து உத்தரத்தின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். இடது கோடி, நடு, வலது கோடி. மூன்றும் ஒன்றாக இருந்தால் உத்தரம் நேர்.

"மில்லிமீட்டரில் சொல்லுங்க."

"எங்கிட்டயா சொல்றீங்க? அரை நூல் தப்பினா தோள்ல சட்டை நிக்காது சார். எழுதிக்கோங்க. இடது கோடி, நானூத்தி இருபது."

"நடு?"

"இருங்க, தண்ணி ஆடுது... முந்நூத்தி தொண்ணூத்தி நாலு." அவரே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "ஆமா, தொண்ணூத்தி நாலேதான்."

"வலது?"

"நானூத்தி பதினொண்ணு. கரெக்டா இருக்கா சார்?"

"நல்லா அளக்கறீங்க" என்றார் டாக்டர். நடுவில் இருபத்தாறு தொங்கல். வலது கோடியோ ஒன்பது மில்லி கீழே அமர்ந்திருக்கிறது. தன் வீட்டுக்கு எதிரான சாட்சியை ஒரு மில்லி பிசகாமல் சொல்லிவிட்டு அந்த மனுஷன் ஏணியில் பெருமையாக நின்றார்.

"உத்தரத்தில் ஒரு சின்ன துளை போட்டுப் பாக்கணும். நீங்க சம்மதிச்சாத்தான் முடியும்."

"தாராளமா போடுங்க. மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

மூன்று வருடத்துக்கு முன் கிடைக்காத சம்மதம் அரை நொடியில் கிடைத்தது.

ஏணியை வலது கோடியில் சாய்த்து டாக்டர் ஏறினார். டிரில் முதலில் பூச்சைத் தின்றது, அடுத்துப் பலகையை. மூன்றாவதாக இரும்பில் பட்டுக் கிறீச்சிட வேண்டும். கிறீச்சிடவில்லை. கை முன்னால் பாய்ந்தது, வாசலில் இல்லாத படிக்குக் கால் வைத்தது போல. துளை வழியாகக் கேமரா வயரை நுழைத்தார். கையளவு திரையில் மங்கலாக உள்ளே தெரிந்தது.

இரண்டு மரப் பலகைகள். அவ்வளவுதான். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நாலைந்து ஆணி அடித்து, சுற்றிப் பெட்டி போல மூடியிருந்தது. இரும்பு என்று அந்த ஆணிகளைத்தான் சொல்ல வேண்டும். எடை ஏறினால் உத்தரத்தின் மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் மரம் எப்போதும் அடியிலிருந்துதான் வாய் திறக்கும். ஒரு பலகை அடியிலிருந்து பாதி உயரம் வரை வாய் திறந்திருந்தது. பலகையின் நுனி சுவரில் இரண்டு விரல் அளவுதான் உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த செங்கல் விளிம்பு பொடிந்து, மாவு போலக் குவிந்து கிடந்தது. அந்த மாவு புதுசு. அதன் மேல் தூசிகூட இன்னும் படியவில்லை.

திரையை அவர் ஒருவர்தான் பார்த்தார். கீழே மூன்று முகங்கள் அண்ணாந்து பார்த்தன. 'எல்லாத்தையும் அறிக்கையில் எழுதித் தரேன்' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். அறிக்கை நர்ஸுக்கு மட்டும் போகும். காசு கொடுத்தவர்களுக்குத்தான் அறிக்கை சொந்தம். அவள் பின்வாங்குவாள். ஏன் என்று இவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பழைய பக்கத்தையும் யாரும் புரட்ட மாட்டார்கள். மெஷின் நாளைக்கும் இதே இடத்தில் ஓடும்.

"அம்மா, மெஷினை விட்டு எழுந்திருங்க" என்றார்.

"இந்த ஒரு தையலை முடிச்சிட்டு..."

"எழுந்திருங்க. எல்லாரும் வெளியே போங்க. சுவரோரமா நடங்க. யாரும் மாடிக்குப் போகாதீங்க."

டாக்டர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மூன்று பேரும் வெளியே வந்தார்கள். வீட்டை விட்டு ஓடச் சொன்னால் ஆட்கள் கைக்கு எட்டியதை எடுப்பார்கள். தையல்காரரின் மனைவி வீட்டுப் பத்திரங்கள் இருந்த ஃபைலை எடுத்து வந்திருந்தாள்.

முட்டுக் கொடுக்கும் ஆட்களுக்கு டாக்டர் ஃபோன் செய்தார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரமும் நால்வரும் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றார்கள். டாக்டர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். சுவரை இடித்தவன் இரும்பு போடாமல் ஏமாற்றியதை, மரம் வாய் திறந்திருப்பதை, செங்கல் மாவாகியிருப்பதை.

நர்ஸ் மெல்ல, "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. இனிமே நாங்க..." என்று இழுத்தாள்.

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கற?" என்றாள் தையல்காரரின் மனைவி. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கும் இது இப்படியேதான் சார் இருந்துச்சா?"

"வாய் இவ்வளவு திறந்திருக்காது. ஆனா இரும்பு அன்னைக்கும் இல்லை."

"அப்ப நீங்க பாத்தது என்ன?"

"அன்னைக்கு மூடியிருந்தது. துளைக்க விடலை. அதை எழுதியிருக்கேன். முப்பத்தொண்ணாம் பக்கம்."

அவள் ஃபைலைத் திறந்தாள். முதல் பக்கத்தை மட்டும் உருவியெடுத்த அறிக்கை, கட்டிய நாடாவைக்கூட அவிழ்க்காமல் இருந்தது. நாடாவை அவிழ்த்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, கடைசியில் கண்டுபிடித்து உரக்கப் படித்தாள். "'ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை.' இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

டாக்டர் எதிரே இருந்த வீட்டைப் பார்த்தார்.

"தமிழ்தானே? இருந்தாலும் எனக்குப் புரியலை. நீங்களே சொல்லுங்க."

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததுன்னு அர்த்தம்."

"சந்தேகம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நாங்க வாங்கியிருக்கவே மாட்டோமே?"

தையல்காரர் குறுக்கே வந்தார். "விடு. இன்னைக்காவது சொன்னாரே. சொல்லாம போயிருந்தா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "சார், நீங்க அன்னைக்குத் தட்டினப்போ நான் உங்க பக்கத்துலதான் நின்னேன். சத்தம் மாறினது என் காதுக்கே கேட்டுது. உங்க மூஞ்சியைப் பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்லை. சரி, டாக்டர் மூஞ்சியே அசையலைன்னா பயமில்லைன்னு நினைச்சேன். மூணு வருஷமா அதுக்கு அடியிலதான் சார் உக்காந்திருக்கேன்."

லாரி வந்தது. இரும்பு முட்டுகளை இறக்கினார்கள். குழாய்க்குள் குழாய், நடுவில் திருகு. திருகைச் சுற்றினால் முட்டு உயரும். அடியில் தடித்த பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் முட்டு தரையைத் துளைத்துவிடும். "தாங்கினா போதும், தூக்கிடாதீங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வருடமாக இறங்கியதை ஒரே நாளில் ஏற்றப் பார்த்தால் மேலே இருக்கிற சுவர் பிளந்துவிடும். கூடத்தின் குறுக்கே ஏழு முட்டுகள் நின்றன. அதற்குப் பிறகுதான் மாடிக்குப் போக விட்டார். ஒவ்வொருவராக, சுவரோரமாகப் போய்த் துணிச் சுருள்களை இறக்கினார்கள். நர்ஸும் இருட்டும் வரை தூக்கினாள்.

நர்ஸ் அந்த வீட்டை வாங்கவில்லை. கடைத்தெரு இடம் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. வேறொருவர் அங்கே செருப்புக் கடை போட்டுவிட்டார். முன்பு இருந்த சொந்தக்காரரை ஊர் ஊராகத் தேடினார்கள். ஆள் அகப்படவில்லை.

டாக்டரே தன் மேல் ஆய்வாளர் சங்கத்தில் புகார் கொடுக்கச் சொன்னார். எங்கே எழுத வேண்டும், எதை இணைக்க வேண்டும் என்று படிவத்தை நிரப்பியும் கொடுத்தார். விசாரணை முடியும் வரை உத்தரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, அது சாட்சி என்று கடிதம் வந்தது. சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து துளை வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆய்வு செய்யாத பகுதியை ஆய்வாளர் முப்பத்தொன்றாம் பக்கத்தில் முறைப்படி தெரிவித்திருக்கிறார், ஆகவே அவர் மீது குற்றமில்லை. விசாரணையில் டாக்டர் தன் சந்தேகத்தை வாய் திறந்து சொல்லியிருந்தார். எழுத்தில் இல்லாததைக் கணக்கில் எடுக்க முடியாது என்று அதையும் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள்.

தீர்ப்பின் நகலோடு அவர் போனபோது தையல்காரரின் மனைவி அதைக் கையில் வாங்கவில்லை.

"இரும்பு போடற வேலையை நாங்க எப்படியோ செஞ்சுக்கறோம். ஆகறப்போ ஆகட்டும். அதுவரைக்கும் மாசாமாசம் வந்து அளந்து சொல்லிட்டுப் போங்க. எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க."

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை போகிறார். கூடத்தில் ஏழு முட்டுகளும் அப்படியே நிற்கின்றன. முட்டுக்கு முட்டு கொடி கட்டித் தைத்த சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மெஷின் இப்போது வெளிச்சமில்லாத பின்மூலையில் இருக்கிறது. அவள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். வாசல் ஆணியில் எதுவும் தொங்கவில்லை. போன மாதம் தையல்காரர் வெட்டுப் பலகையில் ஒரு காலர் அச்சை வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். விறைப்பான பிளாஸ்டிக் தாளில் வெட்டிய அச்சு. அதன் வளைவில் டாக்டருடைய கையெழுத்தின் பின்பாதி இருந்தது. தையல்காரர் சட்டென்று உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.

இந்த மாதமும் குழாயில் தண்ணீர் நிரப்பினார்கள். தையல்காரர் ஏணியில் ஏறி எண்ணைச் சொன்னார்.

"எவ்வளவு?" என்று மூலையிலிருந்து கேட்டாள்.

"அரை மில்லி" என்றார் டாக்டர்.

"இறங்கியிருக்கா?"

"இறங்கியிருக்கும்மா. நடு முட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கு. இறுக்கிடறேன்."

"இது பாத்துச் சொல்றீங்களா, அளந்து சொல்றீங்களா?"

"அளந்துதான்."

அவர் திருகைக் கால் சுற்றுச் சுற்றினார். பிறகு சுத்தியலை எடுத்தார். அதைப் பார்த்ததும் அவள் மெஷினை நிறுத்தினாள். அவர் உத்தரத்தின் அடியில் போய் நின்று தட்டினார். அவள் உத்தரத்தைப் பார்க்கவில்லை. விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.